டிப்ளமோன்னா டிகிரிக்குக் கீழதானே டீச்சர்?



பதிவு கொஞ்சம் நீளம். நாற்பது நிமிட பீரியட் எடுத்துப் பழகிய வாய், ஐந்து வரியோடு நிற்க மாட்டேன் என்கிறது. வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். வீட்டில் பத்தாவது, பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் அதையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் தங்கை வீட்டில் நடந்தது இது. தங்கை மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். ஜாதகத்தோடு பயோடேட்டாவும் போயிருக்கிறது. இரண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். "பொண்ணு வெறும் டிப்ளமோதானாம்மா? மாப்பிள்ளை வீட்டுல டிகிரி படிச்ச பொண்ணா பாக்குறாங்க" என்றார். தங்கை போனை வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். விஷயம் என்னவென்றால், பிள்ளை பி.காம். முடித்து, அதற்கு மேல் ஒரு வருடம் கம்ப்யூட்டரில் பி.ஜி. டிப்ளமோ படித்தவள். கடைசியாகப் படித்ததுதானே பெரிது என்று அதை மட்டும் பயோடேட்டாவில் போட்டிருக்கிறாள். டிகிரிக்கு மேலே படித்த படிப்பு, டிகிரிக்குக் கீழே என்று எண்ணப்பட்டுத் திரும்பி வந்துவிட்டது.

தங்கை மகள் சிரித்தாள். "விடுங்க பெரியம்மா, படிக்கத் தெரியாத வீட்டுல போய் நான் என்ன பண்ணப் போறேன்" என்றாள். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நானும் டிப்ளமோதான்.

உங்களில் பல பேருக்கு இது தெரியாது. 1978-ல் நம் மாநிலத்தில் பிளஸ் டூ வந்தபோது அதில் சேர்ந்த முதல் செட் நான். அதற்கு முன்னால் பதினொன்றாவதுதான் எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் போய் ஒரு வருடம் பி.யு.சி. என் அண்ணன் அப்படிப் படித்தவர். இப்போதும் எந்த விண்ணப்பத்தில் 'பன்னிரண்டாம் வகுப்பு' என்ற கட்டத்தைப் பார்த்தாலும் பேனாவை வைத்துவிட்டு யோசிப்பார். பிளஸ் டூ முடித்ததும் அப்பா என்னைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. இரண்டு வருட இடைநிலை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார். இன்று அதற்கு டி.எல்.எட். என்று பெயர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வேலைக்கு வந்தேன். தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியையாக 2022-ல் ஓய்வு பெற்றேன். நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவிக்குப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். என்னிடம் இல்லை. உடன் வேலை பார்த்தவர்கள் தபாலில் பி.ஏ., எம்.ஏ. என்று படித்து மேலே போனார்கள். நான் போகவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

பட்டம், பட்டயம். நடுவில் ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்தை வைத்து ஒரு ஆளை நிறுத்துப் பார்க்கிற ஊர் நம் ஊர். ஆனால் அந்தக் காகிதத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? வாங்குவதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் பிள்ளைகளை விரட்டுகிறோம். வாங்கிய காகிதம் என்ன சொல்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. நானும் சொல்லித் தரவில்லை. அதன் விலையை என் மாணவி ஒருத்தி கொடுத்தாள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதீங்க டீச்சர்" என்றாள்.

முதலில் இந்த 'டிப்ளமோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தால் டிப்ளமோ. பிளஸ் டூ முடித்து நான் படித்த ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ. டிகிரி முடித்து ஒரு வருடம் படித்தால் பி.ஜி. டிப்ளமோ, தமிழில் முதுநிலைப் பட்டயம். புதிய தேசியக் கல்விக் கொள்கைப்படி நடக்கும் பல்கலைக்கழகங்களில் இன்னொன்றும் வந்திருக்கிறது. இளநிலைப் படிப்பை ஒரு வருடத்தில் நிறுத்தினால் சான்றிதழ், இரண்டு வருடத்தில் நிறுத்தினால் டிப்ளமோ, மூன்று வருடம் முடித்தால் பட்டம், நான்கு முடித்தால் ஆனர்ஸ். இதற்கெல்லாம் யு.ஜி.சி. நிலை எண் போட்டிருக்கிறது: 4.5, 5, 5.5, 6. அப்படியே ஏறி பி.எச்.டி.க்கு 8. பி.ஜி. டிப்ளமோவுக்கும் எண் 6. அதாவது மூன்று வருடப் பட்டத்துக்கு மேலே. தரகரிடம் இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். தங்கை போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஜெர்மனிக்குப் போனால் கதையே வேறு. அங்கே பல்கலைக்கழகங்களில் பழைய நாளில் கொடுத்த 'டிப்ளோம்' நம் முதுநிலைப் பட்டத்துக்கு நிகர். ஆக ஒரே சொல், பத்தாவதுக்கு அடுத்த படியிலும் நிற்கிறது, எம்.எஸ்சி. பக்கத்திலும் நிற்கிறது. பெயரை வைத்து உயரத்தைச் சொல்ல முடியாது.

வேறு எதை வைத்துச் சொல்வது? இதைக் கண்டுபிடிக்க எனக்கு முப்பது வருடம் ஆனது. ஒரு படிப்பு எந்தப் படியில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதற்குள் நுழைய என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். பத்தாவது கேட்டால் அது பத்தாவதுக்கு அடுத்த படி. பிளஸ் டூ கேட்டால் அதற்கு அடுத்த படி. டிகிரி கேட்டால் டிகிரிக்கு அடுத்த படி. ஒன்றுமே கேட்கவில்லை என்றால்?

இங்கேதான் என் மாணவி வருகிறாள்.

ஐந்தாவது வரை என்னிடம் படித்தவள். கணக்கில் சுமார், தமிழில் புலி. பத்தாவதில் நல்ல மார்க். மேலே படிக்க வைக்காமல் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். 2002-ல் ஒரு நாள் இடுப்பில் பிள்ளையோடு பள்ளிக்கூட வராந்தாவில் வந்து நின்றாள். "டீச்சர், ஏதாச்சும் படிக்கணும்" என்றாள். அப்போது வயது இருபத்தொன்று. அந்த வாரம் பேப்பரில் ஒரு பல்கலைக்கழக விளம்பரம் வந்திருந்தது. திறந்தவெளி முறை. இருபத்தொரு வயது நிரம்பியிருந்தால் போதும், வேறு கல்வித் தகுதி தேவையில்லை, நேரடியாக எம்.ஏ. சேரலாம். எனக்குச் சாமியே கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது. விண்ணப்பத்தை வாங்கி வரச் சொல்லி, மதிய உணவு இடைவேளையில் என் கையெழுத்திலேயே நிரப்பிக் கொடுத்தேன். கட்டணத்துக்குத் தோட்டை அடகு வைத்தாள்.

உண்மையாகப் படித்தாள். அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு இரண்டு பஸ் மாறிப் போவாள். இலக்கணத்தில் சந்தேகம் என்று என்னிடம் வருவாள், எனக்கே தெரியாது. நான் வாங்கியதெல்லாம் ஆசிரியர் பயிற்சிதானே. தேர்ச்சி பெற்றுச் சான்றிதழ் வந்த அன்று பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தாள். "டீச்சர், உங்களையே தாண்டிட்டேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டு முன்னறையில் மாட்டினாள்.

2009-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தவெளியில் நேரடியாக வாங்கிய முதுநிலைப் பட்டம் செல்லாது என்றது. அதே வருடம் ஆகஸ்ட் 18-ல் நம் அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 107 வெளியிட்டது. பத்தாவது, பிளஸ் டூ, அதற்குப் பிறகு பட்டம் என்று படித்தவர்களின் திறந்தவெளிப் பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும். இதெல்லாம் எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவள் பாட்டுக்குக் குரூப் டூ-வுக்கு ராப்பகலாகப் படித்து எழுதினாள். எழுத்துத் தேர்வில் தேறினாள். சென்னைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டார்கள். ஊரே வழியனுப்பியது. கண்ணாடியைக் கழற்றிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனாள்.

மதியம் ஒன்றரை மணிக்கு போன் வந்தது. "பிளஸ் டூ எங்கன்னு கேக்குறாங்க டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். அழக்கூட இல்லை. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சாப்பிட்டாயா என்று கேட்டேன் போலிருக்கிறது.

இப்போது பிளஸ் டூ எழுதிச் சேர்த்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்டார்கள். வரிசை மாறினால் பயன் இல்லை. தேர்வாணைய அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள், முதலில் பத்தாவது, பிறகு மேல்நிலை, பிறகு பட்டம் என்று இந்த வரிசையில் பெற்றிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். மாடி கட்டிவிட்டு அடித்தளம் போடுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். வயது வரம்பு முடியச் சில மாதம் இருக்கும்போது குரூப் ஃபோர் எழுதினாள். அதற்குத் தேவையான தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. தேறினாள். இன்று ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது பதினைந்து வயதில் வாங்கிய, ஓரம் மடங்கிய எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட். எம்.ஏ. பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது. பட்டம் தகுதியாக உள்ள பதவி உயர்வு வரும்போதெல்லாம் அந்தப் பீரோவைத் திறக்காமலே இருந்துவிடுகிறாள்.

என் பங்கை நான் மறைக்க மாட்டேன். 'வேறு கல்வித் தகுதி தேவையில்லை' என்ற வரியை நான் வரமாகப் படித்தேன். அது எச்சரிக்கை. ஒன்றுமே கேட்காத வாசல் எந்தப் படிக்கும் போகாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். முதலில் பிரைவேட்டாகப் பிளஸ் டூ எழுது, பிறகு தபாலில் மூன்று வருடம் பி.ஏ. படி என்று சொல்லியிருந்தால், எல்லாம் சேர்த்து நான்கைந்து வருடம். 2007-க்குள் முடித்திருப்பாள். சுருக்கு வழி காட்டியது நான்.

அதோடு இதையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள். தீர்ப்பின் நியாயம் எனக்குப் புரிகிறது. அடிப்படை இல்லாமல் முதுநிலை கூடாதுதான். ஆனால் அவள் ஏமாற்றிச் சேரவில்லை. சட்டப்படி நடக்கும் பல்கலைக்கழகம், பேப்பரில் விளம்பரம் கொடுத்து, பணம் வாங்கி, பாடம் நடத்தி, தேர்வு வைத்து, முத்திரை குத்திக் கொடுத்த காகிதம் அது. அனுமதித்தவர்களும் நடத்தியவர்களும் ஒன்றும் இழக்கவில்லை. நம்பிப் படித்தவர்கள் இழந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு இணைப்புத் தேர்வு வைத்தாவது வழி விட்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதிலிருந்து யார் என்னிடம் படிப்பு பற்றிக் கேட்டாலும் மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். உள்ளே போக என்ன கேட்கிறார்கள்? கடைசியில் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது யார்? அதைக் கொண்டுபோனால் அடுத்து எந்தக் கதவு திறக்கும்?

கையெழுத்து விஷயம் பலருக்கும் தெரியாது. பட்டம் என்று ஒன்றைக் கொடுக்கும் அதிகாரம் எல்லோருக்கும் கிடையாது. 1956-ஆம் வருட யு.ஜி.சி. சட்டத்தின் 22-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. சட்டம் போட்டு ஏற்படுத்திய பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பாராளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், இவை மட்டும்தான் பட்டம் கொடுக்கலாம். நீங்கள் படிக்கிற கல்லூரி பட்டம் கொடுப்பதில்லை. அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம்தான் கொடுக்கிறது. தன்னாட்சிக் கல்லூரியானாலும் பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். ஆகவே சேரும் முன் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், போன வருடம் முடித்த பிள்ளையின் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. தன் இணையதளத்திலேயே போட்டிருக்கிறது.

என் மனசை அறுப்பது நர்சிங்தான். நம் பக்கத்துக் கிராமங்களில் பெண் பிள்ளைகளுக்கு நர்ஸ் என்றால் ஒரு மரியாதை, சீக்கிரம் வேலை. இதைத் தெரிந்துகொண்டு கடைத்தெரு மாடியில் போர்டு மாட்டிவிடுகிறார்கள். ஒரு வருடம் 'டிப்ளமோ இன் நர்சிங்'. வெள்ளை உடுப்பு, தொப்பி, விளக்கேற்றி உறுதிமொழி, போட்டோ எல்லாம் உண்டு. சட்டப்படி நர்ஸ் ஆக வேண்டுமானால் பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், இல்லாவிட்டால் டி.ஜி.என்.எம். மூன்று வருடம். ஏ.என்.எம். என்பது இரண்டு வருடம். படித்து முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாமல் அரசு வேலை இல்லை, வெளிநாடு இல்லை. அந்த ஒரு வருடச் சான்றிதழைக் கொண்டுபோனால் கவுன்சிலில் பதிய மாட்டார்கள். உதவியாளர் சம்பளத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்த்துக்கொண்டிருக்கும் என் மாணவிகள் மூன்று பேரை எனக்குத் தெரியும். மூன்று பேருமே நல்ல மார்க் வாங்கியவர்கள். சேரும் முன் ஒருத்தியாவது "கவுன்சில்ல பதிய முடியுமா?" என்று கேட்டிருந்தால் போதும்.

மூன்றாவது கேள்வி, அடுத்த கதவு. இதில் நாம் கேவலமாக நினைக்கும் படிப்புகள்தான் ஜெயிக்கின்றன. ஐ.டி.ஐ. படித்த பையன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவன் பி.இ. இரண்டாம் வருடம் சேரலாம். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பம்பரம் விட்ட ஒருவன் இப்படியே ஏறி இன்று என்ஜினீயர். அவன் படித்த ஒவ்வொரு காகிதமும் அடுத்த கதவைத் திறந்தது. இந்தப் பதிவுக்கு அவன்தான் முதல் லைக் போடுவான், பாருங்கள். எதிர்ப்பக்கம், 'ஒரே சிட்டிங்கில் டிகிரி' என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதுவும் டிகிரி என்ற பெயரோடுதான் வருகிறது. மூன்று வருடப் படிப்பை மூன்று மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பவன் உங்களைப் படிக்க வைக்கவில்லை. நாளைக்கு போலீஸ் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். கௌரவ டாக்டர் பட்டம் பற்றியும் எழுதலாம் என்று நினைத்தேன். நம் உறவிலேயே ஒருவர் ஓட்டல் மண்டபத்தில் தொப்பி போட்டு வாங்கியிருக்கிறார். அவரும் இதைப் படிப்பார். விட்டுவிடுகிறேன்.

இனி வீட்டிலிருக்கும் காகிதங்கள். பணியில் இருந்த கடைசி இரண்டு வருடம், தமிழ் வழியில் படித்தற்கான சான்றுக்காகப் பழைய மாணவர்கள் வரிசையாக வந்தார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீதம் ஒதுக்கும் 2010-ஆம் வருடச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ் வழியில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியிலேயே இருக்க வேண்டும். முப்பது வயதுப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புப் பதிவேட்டைத் தேடி வந்தார்கள். அப்போது ஒவ்வொருவர் ஃபைலையும் பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

'கோர்ஸ் கம்ப்ளீஷன்' என்ற சான்றை டிகிரி என்று நினைத்து வைத்திருந்தார்கள். படிப்புக் காலம் முழுக்க வகுப்புக்கு வந்தான் என்றுதான் அதற்கு அர்த்தம். நாலு அரியர் இருந்தாலும் அதைக் கொடுப்பார்கள். தேர்ச்சி பெற்றான் என்று சொல்வது புரொவிஷனல். பட்டம் கொடுத்தாயிற்று என்று சொல்வது பட்டமளிப்புச் சான்றிதழ், நீங்கள் கான்வொகேஷன் என்கிறீர்களே அது. படித்து முடித்துப் பத்து வருடமாகியும் புரொவிஷனலோடு இருப்பவர்கள் எத்தனை பேர்! விழாவுக்குப் போகாவிட்டாலும் பணம் கட்டி விண்ணப்பித்தால் தபாலில் அனுப்புவார்கள். போடுங்கப்பா. துபாய் என்று திடீரென்று கிளம்பும்போது அதைத்தான் கேட்கிறார்கள். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். அந்த முத்திரையெல்லாம் பின்பக்கம்தான் குத்துவார்கள். நீங்களோ கல்யாணப் பத்திரிகை மாதிரி லேமினேட் செய்து வைத்திருக்கிறீர்கள். அதை உரிக்கப் போய்க் கிழித்துக்கொண்டவர்கள் நம் ஊரிலேயே உண்டு.

இன்னொன்று, ஒரிஜினலை எந்தக் கல்லூரியிலும் விட்டு வைக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது. "ஃபீஸ் கட்டினாத்தான் சர்டிபிகேட்" என்று என் மாணவன் ஒருவனை ஒரு கல்லூரியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த அறிவிப்பை அச்சடித்து எடுத்துக்கொண்டு நான் கூடப் போனேன். என்னைப் பார்த்ததும் "நீங்க அம்மாவா?" என்றார்கள். "டீச்சர்" என்றேன். அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள்.

பட்டத்தின் பெயரையும் பார்த்துச் சேருங்கள். கவர்ச்சியாக ஏதேதோ பெயர் வைக்கிறார்கள். வேலை அறிவிப்பில் 'பி.எஸ்சி. வேதியியல்' என்று இருக்கும், உங்கள் சான்றிதழில் வேறு பெயர் இருக்கும். பாடம் ஒன்றுதான் என்று நீங்கள் சொன்னால் எடுபடாது. இரண்டும் இணையானது என்று அரசாணை காட்டச் சொல்வார்கள். இணை இல்லை என்று அரசாணை வந்த படிப்புகளும் உண்டு. சேரும்போது ஐந்து நிமிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். முடித்த பிறகு விசாரித்தால் கோர்ட் வரை போகும்.

அண்ணன் பேரன் ஜெர்மனியில் முதுநிலை முடித்துவிட்டுப் பொங்கலுக்கு வந்திருந்தான். போகும் முன்னால் அவனுடைய இந்தியச் சான்றிதழ்களை ஏ.பி.எஸ். என்று ஒரு அமைப்பு சரிபார்த்துத் தந்த பிறகுதான் அங்கே சேர முடிந்தது. நம் காகிதத்தை மட்டும் நம்ப மாட்டேன் என்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அவன் அங்கிருந்து கொண்டுவந்த காகிதத்தைப் பார்த்தபோது வாயடைத்துவிட்டேன். பட்டச் சான்றிதழோடு 'டிப்ளமோ சப்ளிமெண்ட்' என்று தனியாகச் சில பக்கம் கொடுக்கிறார்கள். (பாருங்கள், அங்கேயும் டிப்ளமோ!) இந்தப் பட்டம் எந்த நிலை, எத்தனை வருடப் படிப்பு, இதில் சேர என்ன தகுதி கேட்டோம், முடித்தவர் அடுத்து எதில் சேரலாம், கொடுத்த நிறுவனம் எப்படிப்பட்டது, எல்லாம் அதிலேயே அச்சடித்திருக்கிறது. என்னுடைய மூன்று கேள்விக்கும் பதில் வரிசையாக இருந்தது. நான் முப்பது வருடத்தில் கற்றதை அவர்கள் படிவமாகவே போட்டு வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் இதைச் செய்ய என்ன தடை? சான்றிதழின் பின்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது. தமிழில் நான்கு வரி போதும். சேரத் தேவையான தகுதி, படிப்புக் காலம், அனுமதி கொடுத்த அமைப்பு, அடுத்து எதில் சேரலாம். சேர்க்கை விளம்பரத்திலும் இதே நான்கு வரியைக் கட்டாயமாகப் போடச் சொல்ல வேண்டும். சிகரெட் அட்டையில் போடச் சொல்கிறோமே, அது மாதிரி. 2002-ல் அந்த விளம்பரத்தில் 'இது இளநிலைப் பட்டத்துக்கு மாற்று ஆகாது' என்று ஒரு வரி இருந்திருந்தால் என் பேனா விண்ணப்பத்தைத் தொட்டிருக்காது. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூ-விலும் தேர்வு முடியும் முன் ஒரே ஒரு பீரியட் ஒதுக்கி, உண்மையான சான்றிதழ் ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து வாசிக்க வைக்க வேண்டும். இப்போது பணியில் இருக்கும் என் மாணவ ஆசிரியர்கள் பதினோரு பேர் இந்தப் பதிவைப் பார்ப்பீர்கள். அரசாணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் சான்றிதழையே எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்த ஜூனில் எதில் சேர்ப்பது என்று குழம்புகிறவர்கள், ஃபைலில் ஏதாவது சந்தேகம் இருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வாருங்கள். சேரப் போகும் படிப்பின் விளக்கக் குறிப்பேட்டைக் கொண்டு வாருங்கள், ஏஜென்ட் சொன்னதைக் கொண்டு வராதீர்கள். போன ஞாயிறு அவளும் வந்திருந்தாள், மகளோடு. இடுப்பில் இருந்த அதே பிள்ளை, டிகிரி முடித்துவிட்டு பி.எட். சேரப் போகிறது. மூன்று பேருமாக உட்கார்ந்து குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் வரை படித்தோம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை நான் தூங்குவேன், அந்த நேரம் மட்டும் வேண்டாம்.